புரட்டாசியில் வந்த கெலா மீன்

கார்த்திகேசுவுக்கு மீன் மேல் தனிப்பட்ட பிரியம் என்று எதுவும் இருந்ததில்லை. குழம்பில் கிடந்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் அணையில் புல் வெட்டுவதும், மழைக்குப் பிறகு கம்பி வலையில் சிக்கிய இலை தழையை வாரிப் போடுவதும் அவர் வேலை. அந்த வேலையிலேயே முழங்கால் தேய்ந்துவிட்டது. சென்ற வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து காமினி என்ற பெண் வந்து, மீன் ஆராய்ச்சிக்குப் படகு தள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டாள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நொண்டி நடக்கிறவர் உட்கார்ந்தாவது வேலை பார்க்கட்டும் என்று கார்த்திகேசுவைக் கைகாட்டி விட்டான்.

"அங்கிள், மீன் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் காமினி.

"தெரியாதும்மா. திங்கத் தெரியும்."

"இந்த மீனைத் திங்கக் கூடாது. எங்க போவுது, எங்க நிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"என் பொண்டாட்டி என்னையப் பாக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான் லா."

இப்படித்தான் ஆரம்பித்தது. அணை ஏரியில் கெலா மீன்கள் இருந்தன. யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டவை. வலை போட்டுப் பிடித்து, மயக்க மருந்து கலந்த தண்ணீரில் படுக்க வைத்து, வயிற்றைச் சின்னதாகக் கீறி, மாத்திரை போல ஒரு ரேடியோவை உள்ளே வைத்துத் தைத்து விட்டாள் காமினி. மெல்லிய கம்பி ஒன்று மட்டும் பூனை மீசை மாதிரி வெளியே தொங்கும். படகில் ஏரியலைத் தூக்கிப் பிடித்தால் கையிலுள்ள பெட்டி 'டிக், டிக்' என்று சொல்லும். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு எண். பெட்டியில் எண்ணை மாற்றினால் அடுத்த மீன் பேசும்.

ஒரு வருஷத்தில் அந்த மீன்களின் போக்கு கார்த்திகேசுவுக்குப் பழகிவிட்டது. தைப்பூசம் கழிந்து வெயில் ஏறினால், ஏரியின் மேல்தண்ணீர் கால் வைக்க முடியாமல் சுடும். அப்போது கரையோரத்தில் ஒன்றும் நிற்காது. எல்லாம் அணைச்சுவர்ப் பக்கம், முன்பு ஓடை ஓடிய பள்ளத்தில் போய்க் குளிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும். ஆழத்திலிருந்து வரும் டிக் சத்தமும் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி மங்கலாக வரும். சித்திரையில் நாலு மழை பெய்து தண்ணீர் ஆறியதும் மேலே வந்து, காட்டு அத்திப்பழம் உதிர்கிற கரையோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புரட்டாசி மழை தொடங்கினால் ஒவ்வொன்றாக ஏரியின் வடக்கு மூலைக்கு, மேலேயிருந்து ஓடை வந்து விழுகிற வாய்க்கு நகரும்.

அந்த மீன்களில் பெரியது ஒரு பெட்டை. விளக்கி வைத்த பித்தளைக் குடம் போலச் செதில். கார்த்திகேசு அதற்குப் பொன்னம்மை என்று பெயர் வைத்தார். மாத்திரை வைத்த மீன்களில் அது ஒன்றுதான் முட்டை போடுகிற பருவத்தில் இருந்தது. மற்றவை ஆணாகவோ குஞ்சாகவோ இருந்தன.

"தேங்கின தண்ணியில கெலா முட்டை போடாது அங்கிள்," என்று காமினி ஒருநாள் சொல்லியிருந்தாள். "ஓடுற தண்ணி வேணும், கூழாங்கல்லு வேணும். அந்த ஓடையில இடுப்பு உசரத்துக்கு ஒரு பாறை நிக்குது பாருங்க, அதைத் தாண்டி இதுங்க ஏறுதான்னு யாருக்கும் தெரியாது. ஏறுதுன்னா மேல காட்டை யாரும் தொடக் கூடாதுன்னு நான் எழுதிக் குடுப்பேன். ஏறலன்னா இந்த ஏரியில இருக்கிற கெலா கிழமாயி செத்ததோட சரி."

"பொன்னம்மை சொல்லுவாளா?"

"அவ ஒருத்திதான் சொல்ல முடியும். மாத்திரையில பேட்டரியும் இந்த மழையோட முடிஞ்சிரும்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு கார்த்திகேசு காலையில் படகை அவிழ்க்கும்போதே முதலில் பொன்னம்மையின் எண்ணைத்தான் வைக்கச் சொல்லுவார். வயது போன காலத்தில், முழங்கால் வலியோடு, ஒரு மீன் பாறை ஏறுமா ஏறாதா என்று தனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் அக்கறை இருந்தது.

அந்தப் பொன்னம்மையைத்தான் புரட்டாசி பிறந்ததிலிருந்து காணவில்லை.

முதலில், ஆழத்தில் கிடப்பாள் என்று நினைத்தார்கள். பிறகு மலையில் முதல் மழை பெய்து, மற்ற மீன்களெல்லாம் ஓடைவாய்க்கு வந்து கூடிவிட்டன. ஒரே இடத்தில் நின்று எண்ணை மாற்ற மாற்ற, வாசலில் வந்து நின்று கூப்பிடுகிற சொந்தக்காரர்கள் மாதிரி டிக் டிக் என்றன. பொன்னம்மையின் எண்ணில் மட்டும் வெறும் இரைச்சல். கார்த்திகேசு ஏரியைச் சுற்றிச் சுற்றித் துடுப்புப் போட்டார். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

"நீர்நாய் தின்னிருந்தாலும் மாத்திரை கிடந்து கத்துமே," என்றாள் காமினி. அவள் முகம் வாடிப் போயிருந்தது.

கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் தேடிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு இருவரும் ஜீப்பில் கீழே ஆயர் ஈத்தாம் டவுனுக்கு இறங்கினார்கள். காமினி பெட்டியை அணைக்க மறந்து கார்த்திகேசுவின் மடியில் போட்டிருந்தாள். மலையடிவாரக் கிராமத்துக் கம்போங் வீடுகளைத் தாண்டும்போது, அது மடியில் கிடந்தபடியே 'டிக்' என்றது.

காமினி பிரேக்கை மிதித்த மிதியில் கார்த்திகேசுவின் தலை கண்ணாடியில் இடித்தது.

"அங்கிள்... எந்த நம்பர்ல இருக்கு?"

"பொன்னம்மை நம்பருதான்."

இறங்கி ஏரியலைத் திருப்பிப் பார்த்தார்கள். ரம்புத்தான் மரம் நின்ற ஒரு தகர வீட்டைப் பார்த்துத் திருப்பினால் சத்தம் காதை அடைத்தது.

"ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கா," என்று காமினி அழாத குறையாகச் சொன்னாள். "வெட்டித் துண்டு போட்டு வச்சிருப்பாங்க."

கார்த்திகேசுவுக்கு அந்த வீடு தெரியும். மோகனராஜ் வீடு. மாக் மண்டின் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவன், கோயில் பஜனையில் டோலக் வாசிப்பவன். அவன் மனைவி ரூபினி புரட்டாசி மாதம் முழுக்க வீட்டு வாசலில் நாமம் போட்டு விளக்கு வைப்பவள்.

"நீ கத்தாதம்மா. நான் பேசுறேன்," என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைத் தட்டினார்.

தூக்கக் கண்ணோடு வெளியே வந்த மோகனராஜ், கார்த்திகேசுவையும் அவர் கையிலிருந்த பெட்டியையும், பின்னால் ஏரியலைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணையும் பார்த்தான். தூக்கம் போய்விட்டது.

"அண்ணே... என்னண்ணே இந்தப் பக்கம்?"

"தம்பி, கெலா எங்க?"

"எந்தக் கெலா?"

கார்த்திகேசு பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். டிக், டிக், டிக், டிக். மோகனராஜ் பெட்டியைப் பார்த்தான், பிறகு தன் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"சமன் போட்டு அபராதம் கட்டச் சொல்லுவாங்களாண்ணே?"

"முதல்ல மீனைக் காட்டு."

பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மலை ஓடையிலிருந்து குழாய் போட்டு இழுத்த தண்ணீர் இரவு பகலாக விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் பொன்னம்மை உயிரோடு நின்றாள். தொட்டி விளிம்பில் மஞ்சள், குங்குமம், துளசி மாலை, ஊதுவத்தி. தண்ணீரில் பொரி மிதந்தது. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் பூவும் வளையலும் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த ரூபினி, கூடையும் கையுமாக ஓடி வந்து தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

நடந்தது இதுதான். புரட்டாசி பிறப்பதற்கு முன் நல்லதாக ஒரு மீன் சாப்பிட்டுவிட வேண்டும் என்று மோகனராஜுக்கு ஆசை. விடியற்காலையில் காட்டு வழியாக அணைக்குப் போய்த் திருட்டுத்தனமாகத் தூண்டில் போட்டான். கெலா மாட்டியது. செத்தால் ருசி போய்விடும் என்று பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, அதில் போட்டு உயிரோடு கொண்டுவந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரூபினி வீட்டைக் கழுவி, கவிச்சிச் சட்டிகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டாள்.

"நாளைக்குத்தானே புரட்டாசின்னு கேட்டேண்ணே. இன்னிக்கே பொறந்தாச்சுங்கிறா. ஒரு நாள் கணக்குத் தப்புல என் கறி போச்சு."

"அப்பவே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்கலாமே!" என்றாள் காமினி.

"இல்லங்க மிஸ், புரட்டாசி முடிஞ்சதும் வெட்டிக்கலாம்னு..."

"யாரு வெட்டுறது?" என்று ரூபினி கூடையைக் கீழே வைத்தாள். "தொட்டுப் பாருங்க, தெரியும். அண்ணே, நீங்களே சொல்லுங்க. புரட்டாசி பொறந்த அன்னிக்கு, தங்கம் மாதிரி செதிலோட, அதுவா வீடு தேடி மச்சம் வருதுன்னா யாரு அது? வயித்துல பாருங்க, நூல் தொங்குது. யாரோ வேண்டிக்கிட்டு கட்டி விட்டிருக்காங்க."

"அது ஏரியல்," என்றாள் காமினி.

"உங்களுக்கு ஏரியல். எங்களுக்குப் பெருமாள். மூணு சனிக்கிழமை பூசை பண்ணிட்டேன். பொரியும் அவிச்ச மரவள்ளியும்தான் குடுக்கிறேன். எங்களோட அதுவும் விரதம்தான். கடைசிச் சனிக்கிழமை சோறு படைச்சுத் தளியல் போடாம அனுப்ப மாட்டேன்."

காமினி தொட்டிக்கு மேல் குனிந்து பார்த்தாள். மீனின் வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. அவள் கார்த்திகேசுவைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள்: "முட்டை இன்னும் இருக்கு அங்கிள். இன்னிக்கு ராத்திரி மலையில பெரிய மழை வரும்னு சொல்றாங்க. ஓடையில வெள்ளம் வந்தாத்தான் அந்தப் பாறை மேல தண்ணி ஏறும், அப்பத்தான் மீன் தாண்ட முடியும். சனிக்கிழமை வரைக்கும் வச்சிருந்தா இந்த வருஷம் போச்சு. அணை கார்டைக் கூப்பிடட்டா?"

கார்டு வந்தால் மீன் கிடைக்கும். மோகனராஜுக்கு சமனும் கிடைக்கும். பஜனையில் டோலக் நின்றுபோகும். கார்த்திகேசு தலையைச் சொறிந்தார். அவரும் புரட்டாசி விரதம் பிடிக்கிறவர்தான். மற்ற பதினொரு மாதமும் கவிச்சி இல்லாமல் சோறு இறங்காத நாக்கை ஒரு மாதம் கட்டி வைக்கிறவருக்கு, ரூபினி சொல்வதைச் சிரித்துத் தள்ள மனம் வரவில்லை. தொட்டியருகே போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மீனை வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, பெருமாள்ன்னு சொல்றியே. இது பொட்டைல்ல."

ரூபினி மீனைப் பார்த்தாள். "அப்படின்னா தாயாரு."

"தாயாருதான். நானும் ஒத்துக்கிறேன். ஆனா வயித்தைப் பாரு. நெறமாசம்."

ரூபினி சட்டென்று பக்கத்தில் வந்து குனிந்தாள். அதுவரை அவள் மீனின் முகத்தையும் செதிலையும்தான் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. வயிற்றைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"ஏரி இவளுக்குப் புருஷன் வீடு," என்றார் கார்த்திகேசு. "பேறுகாலம் வந்துட்டா மேல ஓடைக்குப் போவணும். அதான் இவளுக்குத் தாய் வீடு. மத்ததெல்லாம் வாசல்ல வந்து நிக்குது. இவதான் வரல."

"சனிக்கிழமை வரைக்கும் தாங்காதா?"

கார்த்திகேசு பதில் சொல்வதற்குள் மோகனராஜ் நுழைந்தான். "ஏன் தாங்காது? ரெண்டு நாளுதானே. சனிக்கிழமை தளியல் போட்டுட்டு நிம்மதியா..."

ரூபினி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இதையேதானே நீங்க அன்னிக்கும் சொன்னீங்க!"

"என்னிக்கு?"

"என்னிக்கா? என்னை தாசேக் கெலுகோருக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புங்கன்னு உங்கம்மாகிட்ட நான் கெஞ்சுறேன். நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை போலாம், ஓவர்டைம் சம்பளம் இருக்கு, சனிக்கிழமை போலாம்னு இழுத்து, கடைசியில என்னாச்சு? கடல் பாலத்துல ஜாமுக்கு நடுவுல காடியிலயே வலி வந்துச்சு! பக்கத்து லோரிக்காரன் தண்ணி போத்தல் குடுக்கிறான், இவரு ஹார்ன் அடிச்சுக்கிட்டே அழுவுறாரு!"

"நான் அழல," என்றான் மோகனராஜ்.

"அழுதீங்க."

காமினி வாயைப் பொத்திக்கொண்டாள். ரூபினி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இன்னிக்கே அனுப்பிரலாம்ண்ணே. ஆனா பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வெறுங்கையா அனுப்பக் கூடாது. வளைகாப்பு போட்டுத்தான் அனுப்பணும். இப்ப ராகுகாலம் வேற. அது முடியட்டும், நான் சோத்தைக் கிளறிர்றேன்."

அடுப்பில் சோறு ஏற்கெனவே ஆகியிருந்தது. எலுமிச்சை பிழிந்து ஒன்று, புளி கரைத்து ஒன்று, தயிர் விட்டு ஒன்று என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளறி வைத்தாள். கூடையிலிருந்த கண்ணாடி வளையல்களை எடுத்து தொட்டிக்கு அருகே வந்தபோது காமினி பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தாள்.

"அக்கா, மீனோட ஏரிக்கு எதுவும் போகக் கூடாது. அது நாம குடிக்கிற தண்ணி."

"குங்குமம்?"

"குங்குமமும் கூடாது."

ரூபினி யோசித்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்து, சோப்புப் போட்டு வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள். "அவளுக்குப் பதிலா நீ போட்டுக்க. கன்னத்தைக் காட்டு." சந்தனமும் காமினியின் கன்னத்துக்கே போனது. பல்கலைக்கழகத்துப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து மூன்று வகைச் சோற்றையும் தின்றாள். கார்த்திகேசுவும் தின்றார். மீன் இல்லாத விருந்து அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ராகுகாலம் முடிந்ததும், ஜீப்பின் பின்பக்கத்தில் தார்ப்பாயை விரித்துத் தொட்டித் தண்ணீரையே ஊற்றினார்கள். தண்ணீருக்குள் காற்று விடும் மோட்டாரை முடுக்கினாள் காமினி. மோகனராஜ் பொன்னம்மையைக் கட்டிப்பிடித்தபடி அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டான். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவன் மேல் தண்ணீர் அலையடித்தது.

"அண்ணே, மெதுவாப் போகச் சொல்லுங்க! வாலால முகத்துலயே அடிக்குது!"

"நல்லா அடிக்கட்டும்," என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ரூபினி.

அவர்கள் ஏரிக்குப் போய்ச் சேரும்போது மலை முகட்டைக் காணவில்லை. கறுத்த மேகம் பாதி மலையை விழுங்கியிருந்தது. மழையின் முதல் சொட்டுகள் தண்ணீரில் விழ, கார்த்திகேசு ஓடைவாய்க்குப் படகைத் தள்ளினார். அங்கே இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பொன்னம்மையின் முகம் ஓடையைப் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. தொட்டியில் முடங்கிக் கிடந்தவளுக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் என்ன என்பது மறந்துபோயிருக்குமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றார். பிறகு அவர் கைக்குள் அவள் உடம்பு ஒருமுறை முறுகியது. அடுத்த நிமிஷம் கையில் ஒன்றுமில்லை.

கரையில் குடை பிடித்து நின்ற ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகனராஜ் சட்டையைப் பிழிந்துகொண்டே, "அந்தக் கெலா இந்நேரம் குழம்புல..." என்று ஆரம்பித்து, அவள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

அன்று இரவு முழுக்க மழை கொட்டியது. தன் பாயா தெருபோங் அடுக்குமாடி வீட்டில் படுத்திருந்த கார்த்திகேசு, மழைச் சத்தம் கேட்கக் கேட்கச் சந்தோஷமாகத் தூங்கிப்போனார்.

காலையில் ஏரி தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. காமினி பொன்னம்மையின் எண்ணை வைத்தாள். ஓடைவாயில் சத்தம் இல்லை. கரையோரம் இல்லை. அணைச்சுவர்ப் பக்கப் பள்ளத்திலும் இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ, வெள்ளம் அணைக்கு வெளியே அடித்துப் போய்விட்டதோ என்று ஒன்றும் தெரியாமல் படகைக் கட்டினார்கள். ஒரே இடம்தான் பாக்கி.

ஓடைக்கரையோடு ஏறினார்கள். வழுக்குப் பாதை. கார்த்திகேசு வேரைப் பிடித்துப் பிடித்து, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினார். இடுப்பு உயரப் பாறை இருந்த இடத்தில் பாறையையே காணவில்லை. தண்ணீர் அதை மூடி வழுவழுவென்று சரிந்து வந்தது. அதைத் தாண்டி, ஓடை கொஞ்சம் அகன்று கூழாங்கல் பரப்பாகும் இடத்துக்கு வந்தபோது காமினி ஏரியலைத் தூக்கினாள்.

டிக்.

இருவரும் அசையாமல் நின்றார்கள். டிக், டிக், டிக். தெளிவாக, கிட்டத்தில். காமினி இரைச்சலையும் மீறி ஒரு கூச்சல் போட்டாள். எண்ணை மாற்றினாள். இன்னொரு மீன் டிக் என்றது. மறுபடி மாற்றினாள். இன்னொன்று.

"ஆம்பளைங்க ரெண்டு பேரு கூடவே ஏறியிருக்காங்க அங்கிள்! பாறையைத் தாண்டியாச்சு! தாண்டியாச்சு!"

கார்த்திகேசு ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தார். கலங்கல் தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியவில்லை. தேடவும் அவருக்குத் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டார். குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது.

காமினியின் கைப்பேசி ஒலித்தது. ரூபினி. காமினி அதை அவர் காதில் வைத்தாள்.

"அண்ணே, போய்ச் சேந்துட்டாளா?"

"சேந்துட்டாம்மா. தாய் வீட்டுலதான் இருக்கா."

"அவரு கேக்கச் சொல்றாரு, குஞ்சு எப்ப பெருசாவுமாம்?"

"அவனை உதைப்பேன்னு சொல்லு."

காமினி சிரித்தபடி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். பெட்டியின் சத்தம் மெல்லக் குறைந்தது. அவள் ஏரியலை மலைப் பக்கம் திருப்பியதும் மறுபடி கூடியது.

"இன்னும் மேல போறா அங்கிள். வாறீங்களா?"

"நீ போம்மா. நான் இங்கயே இருக்கேன்."

அவள் கல்லுக்குக் கல் தாவி மேலே போனாள். கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்த டிக் சத்தம் ஓடை இரைச்சலோடு சேர்ந்து கேட்டது. பிறகு ஓடை மட்டும் கேட்டது.